மூன்று காட்டிய பெட்டி

ஸ்டூலில் ஏறி நின்று, சமையலறைச் சுவரிலிருந்த அழைப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினான் பாலிடெக்னிக் வாத்தியாரான மகன். அப்பா போய் ஒரு வாரம்தான் ஆகிறது. பெட்டி அவனே செய்தது. அப்பா தன் கட்டிலிலிருந்து பொத்தானை அமுக்கினால் 1, இடுப்பெலும்பு முறிந்து பக்கத்து அறையில் கிடக்கும் அம்மா அமுக்கினால் 2, குளியலறை என்றால் 3. அப்பா போன அன்று, மூன்று காட்டுகிறது என்று அவன் மனைவி குளியலறைக்கு ஓடினாள். அங்கே யாருமில்லை. பெட்டிக்குத்தான் கோளாறு என்று திரும்பிவிட்டாள். பிறகு போய்ப் பார்த்தபோது அப்பாவுக்கு மூச்சில்லை. விரல் மட்டும் பொத்தான் மேலேயே இருந்தது. "அண்ணி நம்பரைக்கூட ஒழுங்கா பாக்கல" என்று தங்கச்சி நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மனைவி வாயே திறப்பதில்லை.

ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் தப்பு அவள் கண்ணில்தானா? நினைக்கவே கசந்தது.

"அங்க என்னடா குடையுற?" அறையிலிருந்து அம்மா கேட்டாள். "அன்னிக்கு உங்கப்பா திணறுறது எனக்குக் கேட்டுச்சு. அவர் அமுக்கினாரோ இல்லையோன்னு நானும் அமுக்கினேன். விடவே இல்லடா."

அவன் அப்பாவுடையது, அம்மாவுடையது என்று இரண்டு ஒயர்களையும் சேர்த்துத் தொட்டான். மூன்று. ஒன்றுக்கு ஒரு கம்பியில் மின்சாரம் வரும், இரண்டுக்கு இன்னொன்றில், மூன்றுக்கு இரண்டிலும். ஒன்றும் இரண்டும் சேர்ந்து வந்தால் பெட்டி அதை மூன்று என்றுதான் படிக்கும். பொத்தானை எண்ணாக மாற்றும் என்கோடரில் ஒரு நேரத்தில் ஒரு பொத்தான்தான் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவன் அவன். இரண்டு சேர்ந்து வந்தால் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் முன்னுரிமை தரும் ஐ.சி. சில்லு கைவசம் இருந்தும், வீட்டுக்கு இது போதாதா என்று விட்டுவிட்டான். அம்மா அமுக்காமல் இருந்திருந்தால் ஒன்று காட்டியிருக்கும்.

சமையலறை வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். "மூணு. நான் சொன்னேன்ல?"

"என்னடா கோளாறு?" என்றாள் அம்மா.

"ஒயரை மாத்திக் குடுத்துட்டேம்மா. என் தப்பு. இவ சரியாத்தான் பாத்திருக்கா."

மனைவி சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அம்மா அவனைக் கிட்டே கூப்பிட்டாள். திட்டுவாள் என்றுதான் போய் உட்கார்ந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"விடுடா. வேணும்னா செஞ்ச? நான் அவருக்குன்னு அந்த ஒண்ணாவது செஞ்சேனே, அதுலதான் மனசு ஆறுது. இல்லன்னா தாங்கியிருக்க மாட்டேன்."

இப்படித்தான் அமுக்கினேன் என்று, அவன் உள்ளங்கையில் கட்டைவிரலை வைத்து நகம் வெளுக்க அழுத்தினாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவளும் விரலை எடுக்கவில்லை.