எட்டுச் சீட்டிலும் ஒரே பள்ளம்

'பீவர் ஓடை. ஞாயிறு வந்துடுவோம்.' எல்க் மான் வேட்டைக்குக் கிளம்பிய வெர்ல் ஹாட்ச் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டில் இருந்தது அவ்வளவுதான். அதை நம்பி ஊரின் மீட்புக் குழு இரண்டு நாளாகப் பீவர் ஓடையில் இடுப்பளவு பனியைக் கிளறிக்கொண்டிருந்தது. வெர்லும் கிடைக்கவில்லை, கூடப் போன மச்சான் ஆர்டெலும் கிடைக்கவில்லை. அடுத்த புயல் மாலை நாலு மணிக்கு என்று ரேடியோ சொல்லிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை, வெர்லின் மகள் ஜானெல் பாய்சி நகரத்திலிருந்து பனியில் பத்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கு வந்தாள். மேசையில் வரைபடம். சுற்றிலும் ஏழு ஆண்கள். மூலையில் அம்மா பீன்ஸ் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குப் பீவர் ஓடைக்கு மேல்பக்கம் பார்ப்போம்" என்றார் குழுத் தலைவர் டுவெய்ன்.

"அங்க எங்கப்பா இல்ல" என்றாள் ஜானெல். "நான் அ, ஆ படிச்ச காலத்துலேருந்து இதே சீட்டைத்தான் ஒட்டுறாரு. காகிதம் பழுத்துப்போயிருக்கே, பார்க்கலையா?"

"அப்ப எங்கன்னு நீயே சொல்லும்மா."

"எனக்குத் தெரியாது. உங்கள்ல ஒருத்தருக்குத் தெரியும்."

ஏழு தலைகளும் காபிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தது போல் குனிந்தன. இரும்புக்கடை லோரின் தன் ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினான். ஜானெலுக்கு விளங்கிவிட்டது. தெரியும் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேள்வி வரும். இன்னொருத்தன் எல்க் மான் அடிக்கிற இடத்தில் திருட்டுத்தனமாகப் போய் அடிப்பது, இந்த ஊரில் அவன் பெண்டாட்டியோடு ஓடிப்போவதைவிடக் கேவலம். ஓடிப்போனவனோடாவது ரெண்டு வருஷத்தில் பேச்சு வார்த்தை வந்துவிடும். ஒரு உயிர் உறைந்துகொண்டிருக்கிறது, இவர்களுக்கு மானம் பெரிதாக இருக்கிறது!

அவள் ஒரு நோட்டைக் கிழித்துத் துண்டு போட்டாள். "பேர் எழுத வேணாம். இடத்தை மட்டும் எழுதி இந்த ஹெல்மெட்ல போடுங்க. எழுதாம ஒருத்தரும் வாசல் தாண்ட முடியாது."

ஏழு பேருக்கு எட்டுச் சீட்டு விழுந்தது. எட்டிலும் ஒரே இடம்: பழைய வெள்ளிச் சுரங்கத்துக்கு மேலே, மூன்று ஏரிப் பள்ளம். ஒருவன் எந்தப் பாறையில் சாய்ந்து சுட்டால் வாகு என்று படம் வேறு போட்டிருந்தான்.

"எட்டாவது யாரு?"

"நான்தான்" என்றாள் அம்மா, கரண்டியை வைக்காமலே. "அவரு துணியில ஒட்டுற அந்தச் சிவப்பு மண்ணு வேற எந்த மலையில இருக்கு? துவைக்கிறவளுக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமையே டுவெய்ன்கிட்ட சொன்னேன். 'பயப்படாதீங்கம்மா'ன்னு தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

டுவெய்ன் அவசரமாகக் கையுறை மாட்டிக்கொண்டார்.

சுரங்கம் வரை ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி, அதற்கு மேல் நடை. சுரங்க வாசலில் வெர்லின் பிக்கப் வண்டி தார்ப்பாய்க்கு அடியில் ஊசியிலைக் கிளைகளைப் போர்த்திக்கொண்டு ஒளிந்திருந்தது. பள்ளத்தை எட்டியதும் ஜானெல் கூப்பிட்டாள். பதில் இல்லை. விசில் அடித்தாள். மறுபடி கூப்பிட்டபோது ஒரு பாறைக் குடைவிலிருந்து ஆர்டெல் மாமா தவழ்ந்து வந்தார்.

"நேத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேல சுத்துச்சே மாமா, கை காட்டறதுக்கென்ன?"

"தீ மூட்டினேன் தாயி. உங்கப்பா அதை அணைச்சுட்டாரு. இடம் தெரிஞ்சுபோச்சுன்னா நாளைக்கே ஊர் இங்க கூடாரம் போட்டுடுமாம்."

உள்ளே அப்பா கிடந்தார். கணுக்கால் முறிந்திருந்தது, உதடு நீலம். அரைக் கண் திறந்து பார்த்தார். "டுவெய்னா... அவன் கண்ணைக் கட்டி... கூட்டிட்டு வா..." நாக்கு குழறியது. கண் மூடிக்கொண்டது.

டுவெய்ன் குரலைத் தாழ்த்தினார். "இந்தக் குளிர்ல உடம்பு நடுங்கறதே நின்னுபோச்சு. ரொம்ப மோசம். தூங்கவிட்டோம்னா கை நழுவிடும்."

கம்பளிகளில் சுருட்டிச் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்தார்கள். வண்டிகள் நிற்கும் இடத்துக்கு மூன்று மைல். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கன்னத்தில் தட்டினார்கள், ஜெபப் பாட்டுப் பாடினார்கள். அப்பா அசையவில்லை. ஜானெலுக்கு அழுகை வந்தது. அழுகை அவளுக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"அப்பா! உன் ரகசிய இடம் லோரினுக்குத் தெரியும்!"

ஒரு கண் திறந்தது.

"சொல்லுங்க லோரின்! என்னிக்கு, என்ன அடிச்சீங்க?"

லோரின் இழுவைக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போன வருஷம். ஆறு கிளைக் கொம்பு. அந்த ரெண்டாவது ஏரிக்கரையில."

"திருட்டு நாயே!" என்றார் வெர்ல், தெளிவாக.

அதன்பின் வரிசையாகப் பாவமன்னிப்பு நடந்தது. ஒருவன் ரெண்டு கிடா மான், ஒருவன் மாமனாரையும் கூட்டி வந்தவன், டுவெய்ன் ஏழு வருஷமாகத் தொடர்ந்து. ஒவ்வொருவருக்கும் பரம்பரையோடு சேர்த்து வசவு கிடைத்தது. வசவு தேய்ந்தால் ஜானெல் அடுத்தவனை முன்னால் தள்ளினாள். ஒரு மைல் மிச்சம் இருக்கையில் திருடர்கள் தீர்ந்துபோனார்கள். லோரின் இல்லாத மான் ஒன்றை இட்டுக்கட்டினான்.

"பொய்..." என்று முனகிவிட்டு அப்பா மறுபடி கண்ணை மூடினார். பனி விழத் தொடங்கியிருந்தது.

ஆர்டெல் மாமா நடையை நிறுத்தினார். ஜானெலைப் பார்த்தார். பிறகு பலகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மச்சானின் காதருகே வாயை வைத்தார். "வெர்ல், இவனுங்களா எவனும் கண்டுபிடிக்கல. நான்தான் சொன்னேன். ஒரு பாட்டில் விஸ்கிக்கு ஒருத்தன்."

பலகை கடகடவென்று ஆட ஆரம்பித்தது. வாரெல்லாம் இறுகி முறுகிற்று.

"நடுங்குறாரு!" டுவெய்ன் குதித்தார். "நடுக்கம் வந்துடுச்சுடா! இழுங்க, இழுங்க!"

"என் துப்பாக்கி எங்க?" என்றார் வெர்ல். பற்கள் தந்தியடித்தாலும் ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது.

ஜானெல் பலகையில் கட்டியிருந்த துப்பாக்கியை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மாமா, நீங்க கொஞ்சம் முன்னாடியே நடங்க. ஆனா அவரு கண்ணுல படுற தூரத்துலயே நடங்க."