யானாவுக்கு இருபது நாள்

நெமேசியோ மார்பைத் தடவிக்கொண்டு எழுந்தபோது அவனுடைய தொப்பி ஓடையில் மிதந்துகொண்டிருந்தது. கம்பளி மயிருக்காக வளர்க்கும், ஒட்டகச் சாதி அல்பாக்கா மந்தையின் பத்து மாதக் கறுப்புக் கிடாய் யானா, இன்னொருமுறை மோதுவதற்காகக் கழுத்தை நீட்டி நின்றது.

"இதோட மூணு தடவை ஆச்சு," என்றான் மனைவியிடம். "மழைக்கு முன்னால காயடிக்கிறோம்ல? மொத ஆளு இவன்தான்."

"இவனுக்குக் காயடிச்சா மந்தையில கறுப்பே இருக்காதுய்யா," என்றாள் ஹுஸ்தா.

அது உண்மை. வாங்குவோர் வெள்ளை மயிரையே கேட்டதால் மந்தை ஆண்டுக்காண்டு வெளுத்துவிட்டது. ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாமல் பிறந்தது யானா மட்டும்தான். ஈன்ற அன்றே தாய் இறந்துபோக, ஹுஸ்தா அதை அடுப்பருகே கிடத்திப் புட்டிப்பால் ஊட்டி வளர்த்தாள். பிழை அங்கேதான் நேர்ந்தது. மனிதரிடையே வளர்ந்த கிடாய் மனிதரையே தன் இனமாகக் கருதியது; வளர வளர, வீட்டு ஆண்மகனைப் போட்டியாளனாகவும் பார்த்தது.

"இருபது நாள் குடு," என்றாள். "அதுக்கப்புறம் கையில கம்பு இல்லாம நீ மந்தைக்குள்ள நட. அவன் உன்மேல வந்தா, நானே காலைப் பிடிச்சுத் தரேன்."

நெமேசியோவின் அக்காள் இலாரியா சாணவறட்டிகளை அடுக்கியபடியே சிரித்தாள். "பால் குடுத்த கையாலேயே காலைப் பிடிப்பியாக்கும்! அதையும் பாக்கத்தானே போறேன்."

"பாருங்க மதினி. நல்லாப் பாருங்க."

அன்றே யானாவை ஓடைக்கு அப்பால் மேயும் கிடாய்களோடு விட்டாள். காலையில் உறைபனி உருகியதும் கல்தொழுவத்தைத் திறப்பாள்; முகக்கயிறு மாட்டி, ஒன்றும் பேசாமல் நடத்துவாள். அது முரண்டு பிடித்துப் படுத்தால் காத்திருப்பாள். எழுந்து ஓரடி வைத்தால் அக்கணமே கயிற்றைத் தளர்த்துவாள். அது பெற்ற பரிசு அந்தத் தளர்வு ஒன்றே. தடவலில்லை, கையால் தீனியில்லை, பெயர் சொல்லி அழைப்பதுமில்லை. மோத வந்தால் முழங்கையை மடக்கி நின்ற இடத்திலேயே நிற்பாள். அதன் மார்பு பட்டு முழங்கை கன்றிப்போயிற்று. அவள் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை.

மற்றவற்றைக் கிடாய்கள் கற்றுக்கொடுத்தன. மூன்றாம் நாள் மூத்த வெள்ளைக் கிடாய் யானாவின் முகத்தில் அசைபோட்ட புல்லைப் பச்சைச் சாறாகக் காறி உமிழ்ந்தது.

"உன் புள்ளைக்கு மூஞ்சி கழுவி விடலையா?" என்று இலாரியா கத்தினாள்.

"அவனுக்கு வாத்தியாரு கெடைச்சிருக்காரு மதினி!"

இருபதாம் நாள் காலை, நெமேசியோ வெறுங்கையோடு மந்தைக்குள் நுழைந்தான். ஹுஸ்தா ஓடையின் இக்கரையில் நின்றாள். கையில் கயிறில்லாமல் தள்ளி நிற்பதே அவளுக்குக் கடினமாயிருந்தது. யானா நிமிர்ந்தது, காதுகளைப் பின்னே மடித்து விரைந்து வந்தது. இலாரியா வாயைப் பொத்திக்கொண்டாள். நெமேசியோ அசையவில்லை. கிடாய் அவனை உரசாமலே கடந்துபோய், பின்னால் நின்ற வெள்ளைக் கிடாயின் மார்பில் மோதியது.

சண்டை நெடுநேரம் நீடிக்கவில்லை. கழுத்தைக் கழுத்தால் அமுக்கிக் கிழட்டுக் கிடாய் யானாவை மண்டியிட வைத்துவிட்டது.

தோற்ற யானா மெல்ல முனகியபடி ஓடையைக் கடந்து நேராக ஹுஸ்தாவிடம் வந்தது. பால்குடி நாட்களில் குளிருக்கு முனகிய அதே ஓசை. அவள் விரல்கள் தாமாகவே விரிந்தன. அவற்றை இறுக மூடிக்கொண்டு, முழங்கையை மடக்கி, கல்போல நின்றாள். கிடாய் கைக்கெட்டும் தொலைவில் நின்று முகர்ந்தது, முனகியது, மறுபடி முகர்ந்தது. அவள் அதன் பக்கம் கண்ணையும் திருப்பவில்லை. கடைசியில் அது திரும்பி, ஓடையைத் தாண்டி, கிடாய்களின் ஓரமாய்ப் போய் மேயத் தொடங்கியது.

நெமேசியோ ஈரக்காலுடன் வந்தான்.

"என்னை ஒரு ஆளாவே மதிக்கலையே!"

"அதுக்குத்தானேய்யா இவ்வளவு பாடு."

"சரி புள்ள, இந்த வருசம் அப்படியே கெடக்கட்டும். ஆனா அடுத்த வருசம் மோதினான்னா…"

"மோதினா நான் சொன்ன சொல்லு சொன்னதுதான்," என்றபடி முகக்கயிற்றை எடுத்தாள். "தள்ளு. இன்னைக்கு நடக்க வேண்டியதை இன்னும் நடக்கல அவன்."