லென்ஸில் தெரிந்த கோபுரம்

பிரான்சி இயற்பியலில் பட்டம் வாங்கியவள். ஆனாலும் புது ஆள் ஒருவர் எதிரே வந்து நின்றால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கணினியில் பொருள்களை உருவாக்கும் வேலையைக் கற்றுக்கொண்டதே அதனால்தான். அதற்கு யாரோடும் பேச வேண்டியதில்லை.

வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று, வேலை தருவதற்கு முன் ஒரு ரைபிளைச் செய்து காட்டச் சொன்னது. அசல் போலவே இருக்க வேண்டுமாம். குழலில் எண்ணெய்ப் பளபளப்பு, விரல் பட்டுத் தேய்ந்த விசை என்று ஒவ்வொன்றாகச் செய்தாள். தோளில் பதியும் கட்டைக்கு, வீட்டிலிருந்த பழைய மரப்பலகை ஒன்றைப் படமெடுத்து ஒட்டினாள். வெளிச்சம் இயல்பாக விழ வேண்டுமே என்று, ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டின் மொட்டைமாடியில் நின்று நாலாபுறமும் படமெடுத்து, அந்த வானத்தைத் துப்பாக்கியைச் சுற்றிப் போர்த்தினாள். பிறகு அசைவு கொடுத்தாள். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் பின்னுக்கு வந்து முன்னே போகும். குழல் மெல்லத் திரும்பும். மேலே பொருத்திய தொலைநோக்கியின் லென்ஸில், மாடிப் படத்தில் விழுந்திருந்த ராஜகோபுரம் பிரதிபலித்து நகர்ந்து போகும்.

அந்த வீடியோவை இணையத்தில் போட்டபோது ஒரு வரிகூட எழுதவில்லை. தன் வேலையைப் பற்றித் தானே எழுதக் கூச்சம்.

யாரோ அதில் ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து, அந்தத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். ‘துப்பாக்கி லென்ஸில் நம்ம கோபுரம்! எந்த வீட்டு மாடி இது?’ வைகுண்ட ஏகாதசிக்காக ஊர் நிரம்பிக்கொண்டிருந்த வாரம் அது.

மறுநாள் காலை எஸ்.ஐ. கலையரசன் வந்தார். கூட ஒரு பெண் காவலர்.

“பேரு?”

“பிரான்சி.”

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறக்கச் சொன்னார். பெண் காவலர் அரிசி டிரம்முக்குள் கையை விட்டார். மாதா படத்துக்குப் பின்னாலும் தடவினார்.

“எம் பொண்ணு பொட்டுவெடிச் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில போயிடும் சார்,” என்றாள் அம்மா ரோசம்மாள்.

“அந்தக் கட்டிலுக்கு அடியிலதாம்மா இப்ப பார்க்குறோம்.”

பிரான்சி கணினியைத் திறந்து காட்டினாள். எஸ்.ஐ. திரையருகே குனிந்தார்.

“கம்ப்யூட்டர்ல செஞ்சேங்கற. சரி. எதைப் பார்த்துச் செஞ்சே? இந்த மரமும் கருகுன தழும்பும் நிஜம். நான் தினம் துப்பாக்கி புடிக்கிறவன், எனக்குத் தெரியாதா? இதை மாடியில வச்சுப் படம் புடிச்சிருக்கே. எங்க அது?”

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

“பேச மாட்டியா? ஸ்டேஷனுக்கு வா, அங்க பேசலாம். கம்ப்யூட்டர் பெட்டியையும் எடுங்க.”

அங்கே போனாலும் பேச வராது. பேசாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எழுதிவிடுவார்கள். சட்டென்று சமையலறைக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் அருவாமனை இருந்தது.

“ஏய்! கீழ போடு!”

பெண் காவலர் அவள் மணிக்கட்டை முறுக்கினார். அருவாமனை தரையில் விழுந்து அதிர்ந்தது. ரோசம்மாள் அலறினாள். வலியில்தான் பிரான்சிக்குக் குரல் வந்தது.

“கட்டையைப் பாருங்க சார்! இதைத்தான் ஒட்டினேன்!”

அலகுக்குக் கீழே, உட்காரும் பலகையில், நிலா மாதிரி ஒரு கருகல். திரையிலும் அதே கருகல்.

“சட்டியைச் சுடச்சுட எறக்கி வச்சது நான்தான் சார்,” என்றாள் ரோசம்மாள் அழுதுகொண்டே.

பிரான்சி திரையில் துப்பாக்கியை மறுபுறம் திருப்பினாள். அங்கேயும் அதே இடத்தில் அதே தழும்பு.

“ஒரு பாதிதான் சார் செய்வோம். மறு பாதிக்கு அதையே திருப்பிப் போட்டுடுவோம். நிஜக் கட்டையில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கருகாது.”

எஸ்.ஐ. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பலகையைத் தடவினார். திரையைப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

“அருவாமனையை வச்சு ஊரையே கதிகலங்க வச்சிட்டியேம்மா,” என்று எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை. “நான் நம்பிட்டேன். ஆனா படம் எத்தனை போனுக்குப் போயிருக்குன்னு எனக்கே தெரியாது. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நான் சொல்ல முடியுமா? ஏகாதசி முடியற வரைக்கும் மாடியில தலைகாட்டாதே.”

வீடியோவை அழித்தாள். அவள் பக்கத்திலிருந்து மட்டும்தான் அது அழிந்தது.

சாயங்காலம், வீட்டுக்காரரிடம் விளக்கம் சொல்ல அம்மா கீழே போயிருந்தபோது தூறல் விழுந்தது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் ஒரே நல்ல புடவையும் அதில் இருந்தது. ஒரு நிமிஷம்தானே என்று மேலே ஏறினாள்.

கொடிக்கு முட்டுக்கொடுத்த மூங்கில் கழியை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, மறுகையால் புடவையை இழுத்தாள். எதிர் மாடியில் பேச்சு நின்றது. ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அங்கேயே நின்ற ஆள் போனைப் பிரான்சியை நோக்கி உயர்த்தினான்.

கழிதான், வெறும் கழிதான் என்று கத்த நினைத்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது.

கழியை மெல்லத் தரையில் வைத்தாள். இரண்டு கைகளையும் விரித்து, அந்தப் போனுக்குத் தெரியும்படி உயர்த்தினாள். புடவை நழுவி ஈரத்தில் விழுந்தது. அதை எடுக்கக் குனிய அவளுக்குப் பயமாக இருந்தது.