தரகர் நடந்துகொண்டிருக்கிறார்

சேமிப்புச் சங்கத்தில் பணம் எடுக்கும் ஜன்னலுக்குப் போகும் நடைபாதை, அவசரப்படுகிறவர்களுக்கு மட்டும் நீளும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வாசல் பலகையிலேயே, வட்டி விகிதத்துக்குக் கீழே எழுதிப் போட்டிருக்கிறார்கள். முன்பு அப்படியில்லை. வைப்புத்தொகையைப் பாதியில் உடைக்க ஓடி வருகிறவர்கள் ஒரு நிமிஷமாவது யோசிக்கட்டுமே என்று மேலாளர் தரையில் பன்னிரண்டு மஞ்சள் காலடித் தாள்களை ஒட்டினார். மனிதர் குள்ளம், தன் எட்டுக்கே அளந்து ஒட்டிவிட்டார். மற்றவர்கள் கோழிநடை போட வேண்டியதாயிற்று. மூன்றாம் வாரத்திலிருந்து காலடிகள் தாமாகவே பெருகின. ஒரு லாரிக்காரருக்கு ஜன்னலை அடைய இரண்டு நாளாயிற்று. சேர்ந்ததும், எதற்கு வந்தோம் என்று தலையைச் சொறிந்து, சட்டைப்பையில் இருந்ததையும் கட்டிவிட்டுப் போனார்.

தையல்காரியின் ஏழு வருஷச் சேமிப்பும் அங்கேதான் கிடந்தது. இரண்டு மாதம் பொறுத்தால் முதிரும். வாடகைக்கு இருக்கும் கடையறையை அவளே வாங்கிவிடலாம். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் மனைத் தரகர். நாலு மணிக்கு மேல் மனை விலை இரண்டு மடங்காம். அவளுக்கும் சபலம் தட்டியது. மூன்றரைக்கு நடைபாதையில் கால் வைத்தாள். பின்னாலேயே தரகர்.

"சீக்கிரம் நடங்கக்கா! போன வாரம் ஒருத்தர் இப்படித்தான் அசைஞ்சு அசைஞ்சு வந்து கோட்டை விட்டாரு."

"நடந்துக்கிட்டுதானே தம்பி இருக்கேன்!"

அவர் 'சீக்கிரம்' என்ற ஒவ்வொரு தடவையும் நாலு காலடி கூடியது. ஜன்னல் தீப்பெட்டியளவு சுருங்கிப்போனது. முதுகெல்லாம் வியர்வை. மனை போய்விடுமோ என்று ஓர் அடி, கடையறை போய்விடுமோ என்று மறு அடி. மூன்று ஐம்பதுக்கு மூச்சு வாங்க நின்றாள்.

"ஏன் தம்பி, நாளைக்குக் கொடுத்தா ஆகாதா?"

"நாளைக்கா? ராத்திரி படுத்து யோசிச்சா எவங்க்கா இதை வாங்குவான்!"

பதறிய வாய் உள்ளதைக் கக்கிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரி திரும்பினாள்; வாசல் இரண்டே எட்டில் இருந்தது. அவளைப் பிடிக்க ஓடிய தரகருக்கு வாசலும் எட்டவில்லை, ஜன்னலும் எட்டவில்லை.

அவர் மனைவி தினமும் சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள். பெருக்குகிற அம்மா அவரைச் சுற்றிப் பெருக்குகிறாள். இரண்டு மாதம் கழித்து, முதிர்ந்த பணத்தை எடுக்கத் தையல்காரி வந்தாள்.

"என்னக்கா, யோசிச்சீங்களா?" என்றார் தரகர், நடையை நிறுத்தாமல்.

"வேற வேலையா போறேன் தம்பி. கொஞ்சம் ஒதுங்குங்க."

தரகர் மரியாதையாகச் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.