விக்டோரியாவுக்குப் போகும் டிராம்

1.

இந்தக் கதை ஒரு மொச்சைக்கொட்டையிலிருந்து பிறந்தது. போன திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டில் அது என் தொண்டையில் நின்றுவிட்டது. என் மனைவி நபீஹா அப்போது தொலைபேசியில் மகளிடம் ஒரு வாக்கியம் சொன்னாள். குற்றம் அந்த வாக்கியத்துடையது, மொச்சையுடையது அல்ல. அதைச் சொல்வதற்கு முன் கதையை ஒழுங்காகத் தொடங்கப் பார்க்கிறேன்.

"அலெக்சாந்திரியாவின் கோடைக் கடற்காற்று மெல்ல…"

(வேண்டாம். கடற்காற்றில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

"ஒரு ஊரில் ஒரு வாத்து, அது ஒரு நாள்…"

(வாத்து கதையில் இல்லை, படத்தில் இருக்கிறது. அப்படியானால் படத்திலிருந்தே தொடங்கலாம்.)

2.

படத்தின் பெயர் 'ஆறு பிள்ளைகளும் ஒரு வாத்தும்'. என் வயதுக்காரர்களிடம் பெயரைச் சொன்னால் போதும், மூக்கை உறிஞ்சுவார்கள். வாத்து அப்பாவின் தொப்பியில் முட்டையிடும். அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவார்கள். அப்பா பெட்டியோடு வெளியேறுவார். கடைசிக் காட்சியில் அவர் டிராமில் உட்கார்ந்திருப்பார். வசனம் கிடையாது. ஜன்னலுக்கு அப்பால் கட்டடங்களின் இடுக்கில் கடல். முற்றும்.

இதைப் பார்த்த கெய்ரோக்காரர்கள் "முடிவே இல்லையே" என்று டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்களாம். அலெக்சாந்திரியாக்காரர்களான எங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. கடலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் டிராம் போய் முடியும் விக்டோரியா பகுதி, இடப்பக்கம் துறைமுகம். இது எங்கள் ஊர்ப் பூனைக்கும் தெரியும். படத்தில் அவர்கள் வீடு இருப்பது விக்டோரியாவில். டிராம் வலப்பக்கம் போகிறது. ஆகவே அப்பா வீடு திரும்புகிறார். நான் அழுதேன், ஆனந்தத்தில்.

நான் பார்த்தது எங்கள் ஊர் இப்ராஹிமியா பகுதியின் திறந்தவெளிக் கொட்டகையில். திரை என்பது ஒரு துணி. காற்று பலமாக அடித்தால் புடைத்துக்கொள்ளும். ஒல்லியான கதாநாயகி நிறைமாதக் கர்ப்பிணியாவாள். காற்று நின்றதும் பிரசவம். ஒருமுறை முன்வரிசைப் பெண்கள் குலவையே இட்டார்கள். (நம்பாதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.)

3.

நபீஹா சொன்ன வாக்கியம் இதுதான்:

"ஆமாடி ஷாஹினாஸ், வெள்ளிக்கிழமை டிவில போடுறாங்களாம். அந்த அப்பா கப்பலுக்குப் போறத இன்னொரு தடவ பாத்துட்டா எனக்குப் போதும்."

கப்பலுக்கா?

தண்ணீர் குடித்து மொச்சையை இறக்கினேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. நபீஹா படத்தைப் பார்த்தது அவள் வீட்டு மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து, இலவசமாக. அந்த பால்கனி திரைக்குப் பின்னால் இருந்தது. துணியின் பின்பக்கத்தில் படம் இடவலம் மாறித் தெரியும். அவள் பார்த்த டிராம் இடப்பக்கம், துறைமுகத்துக்குப் போயிருக்கிறது.

அப்போது அவளுக்கு ஆறு வயது, படிக்கத் தெரியாது. எழுத்துகள் புரண்டிருந்ததைக் கவனித்திருக்க மாட்டாள். பிறகு படச்சுருள் தொலைந்து, இப்போதுதான் எங்கோ கிடைத்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து "அந்தக் கடைசி டிராம்!" என்று ஒருவருக்கொருவர் பெருமூச்சு விட்டிருக்கிறோம். எந்தப் பக்கம் என்று இருவரும் கேட்டதில்லை.

இதில் சிரிக்க நிறைய இருக்கிறது. ஆனால் அதே வருடம்தான் நபீஹாவின் தந்தை ஒரு சரக்குக் கப்பலில் சமையற்காரராகப் போனார். திரும்பவில்லை. யாராவது அவரைக் குறை சொன்னால் அவள் சொல்வாள்: "போறவங்கல்லாம் கெட்டவங்களா? அந்தப் படத்து அப்பா எவ்வளவு தங்கமான மனுஷன், அவரே போகலையா?" இத்தனை வருடமும் அந்தப் படத்தை வைத்துத்தான் அவரை மன்னித்து வந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை அந்தத் தங்கமான மனுஷன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

4.

(இந்தக் கதையின் கணவன்மீது எனக்கு நம்பிக்கை குறைவு. புத்திசாலி என்றால் உண்மையைச் சொல்லியிருப்பான். இவன் அலமாரிக் கதவைக் கழற்றினான்.)

அதில் ஆளுயரக் கண்ணாடி. அதைச் சுமந்து வந்து டிவிக்கு எதிரே சாத்தினேன். சோபாவைக் கண்ணாடி பார்க்கத் திருப்பினேன். டிவி முதுகுப்பக்கம், படம் கண்ணாடியில். டிராம் இனித் துறைமுகத்துக்குத்தான் போயாக வேண்டும்.

"ஏ மனுஷா, என்ன கூத்து இது?"

"கண்ணுக்கு நல்லதாம். டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"செத்துட்டார்."

முறைத்தாள், பூசணி விதைக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். பெயர்கள் ஓடத் தொடங்கின, எல்லாம் புரண்டு. நபீஹா கைதட்டினாள்.

"அட! அச்சு அசல் அப்ப பாத்த மாதிரியே இருக்கே! இதே எழுத்து, இதே…"

கை நின்றது. மெதுவாகத் திரும்பி டிவியைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடி. மறுபடி டிவி.

"புர்ஹான்." பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விஷயம் பெரிது. "அப்போ டிராம் எந்தப் பக்கம் போவுது?"

"வாத்து வருது பாரு."

"வாத்து கெடக்கட்டும். எந்தப் பக்கம்?"

"உனக்கு எது வேணுமோ அந்தப் பக்கம். அதுக்குத்தானே கதவக் கழட்டினேன்."

அவள் சோபாவில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்: ஒரு தோளுக்கு நேரே டிவி, மறுதோளுக்கு நேரே கண்ணாடி.

5.

நான் எழுதிவைத்திருக்கும் முடிவுகள்:

அவள் டிவியைப் பார்த்தாள். அப்பா வீடு திரும்பினார். நபீஹா தன் தந்தையை முதன்முதலாகத் திட்டித் தீர்த்து…

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அப்பா கப்பலுக்குப் போனார். நபீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு…

மின்சாரம் போயிற்று. (கெட்டிக்காரத்தனம். அடித்துவிட்டேன்.)

நடந்தது வேறு. டிராம் வந்ததும் அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்க்கத் திரும்பினேன். எழுதுகிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

"என்னைப் பாக்காத மனுஷா. படத்தப் பாரு."

பார்த்தேன். ஆகவே எனக்குத் தெரியாது. பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

படம் முடிந்தது. விதைத் தோலைக் கிண்ணத்தில் கூட்டிக்கொண்டே கேட்டாள்:

"அவர் வந்தாருன்னே வச்சுக்குவோம். அந்த அம்மா கதவத் தொறந்தாளா?"

கதவை நான் யோசித்ததே இல்லை. என் மாமியார் (ஆண்டவன் அவருக்கு அருள்புரியட்டும்) கேஸ்காரர் தட்டினாலே மூன்று முறை பெயர் கேட்பவர். கோபத்தில் இருந்தால் திறக்கவே மாட்டார்.

"படத்துல அது இல்லையே நபீஹா."

"இல்ல, இல்ல. நீ கதை எழுதுறவன்தானே? சொல்லு. தட்டினாரா? தொறந்தாளா?"

தேநீர் வைக்கப் போயிருக்கிறாள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்கிறது. நீங்கள் ஏதாவது சொல்லுங்கள், வந்துவிடுவாள்.