வெளியே தொங்கிய டோக்கன்

பின்னால் கதவு சாத்திக்கொண்டபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உறைந்த பட்டாணிப் பெட்டிகளில் கிழிந்தவற்றை எடுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து கதவின் உள்பக்கக் குமிழை அழுத்தியபோது அது அசையவில்லை. பனி இறுகிப்போயிருந்தது.

அப்போதும் அவள் நிதானம் இழக்கவில்லை. குளிர்கிடங்குக்குள் நுழைகிறவர்கள், கதவுக்கு வெளியே உள்ள பலகையில் தங்கள் டோக்கனை 'வெளியே' என்ற கொக்கியிலிருந்து 'உள்ளே' என்ற கொக்கிக்கு மாற்றிவிட்டு வர வேண்டும். அவள் மாற்றியிருந்தாள். அவசர மணியையும் அழுத்திவிட்டாள். டோக்கன் 'உள்ளே' கொக்கியில் இருக்கிறது, மணி அடிக்கிறது, ஆகவே யாராவது வந்தே தீர வேண்டும்.

கையுறை இல்லாத விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு காத்திருந்தாள். கணவரும் இதே கிடங்கில்தான் சரக்கு வண்டி ஓட்டுகிறார். அவரே வந்து திறந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்தாள். கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று ஆரம்பித்த சண்டை அவளுடைய அண்ணன் வரைக்கும் போய், இரண்டு நாளாகப் பேச்சில்லை.

மணி நின்றது. கதவு திறக்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். சத்தமே வரவில்லை. கதவின் ரப்பர் விளிம்பில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் எலக்ட்ரீஷியன் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். எதற்கும் வாதம் வைத்திருப்பதால் அவருக்கு வக்கீல் என்று பெயர்.

"டோக்கன் எல்லாம் வெளிய தொங்குது. அப்ப உள்ள ஆள் இல்ல. ஆள் இல்லாம மணி அடிச்சா மணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். வயரை உருவிட்டேன்."

அவள் இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

"ஏதோ தட்டுதே, வக்கீலு?"

"ஃபேன்ல ஐஸ் உரசுதுப்பா. ஆளில்லாத இடத்துல வேற எது தட்டும்?"

காலடிகள் விலகின. அவர் சொன்னதில் ஓட்டையே இல்லை. இனி எவ்வளவு கத்தினாலும் அது ஃபேன்தான். டோக்கனை யார் மாற்றியது? கோபத்தில் இருக்கும் கணவர் தேடவா போகிறார்? மறுபடி தட்டினாள். கை வலிக்கவில்லை. வலிக்காத கையைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. கண்ணீர் இமையிலேயே ஒட்டிக்கொண்டது.

எவ்வளவு நேரம் ஆனதோ, சட்டென்று வெளிச்சம் கண்ணில் அடித்தது. கணவர் அவளை அப்படியே வாரி வெளியே இழுத்து, தன் சட்டைக்குள் அவள் கைகளைப் புதைத்துக்கொண்டார்.

திக்கித் திக்கிச் சொன்னார். அவள் மேசையில் டீ ஆவி பறக்க இருந்ததாம். ஆகவே அவள் வெளியே வந்துவிட்டாள், வழக்கம்போல டோக்கனைத் திருப்பி மாற்ற மறந்துவிட்டாள் என்று முடிவுகட்டினாராம். மேனேஜரிடம் அவள் திட்டு வாங்கக் கூடாதென்று அவரே எடுத்து மாற்றிவிட்டார். பேச்சில்லாததால் அவளைத் தேடிக் கேட்கவில்லை. டீக்காரர் வைத்துவிட்டுப் போன டீ என்பது அவருக்குத் தெரியாது.

"திரும்ப வந்து பாத்தா டீ ஆடை கட்டிக் கிடக்கு. கோவத்துல நீ சோத்தை விடுவ, டீயை விடமாட்ட. வக்கீல்கிட்ட கேட்டா, டோக்கன் வெளிய இருக்கு, அதனால உன் பொண்டாட்டியும் வெளியதான்னான். அதை வெளிய போட்டதே நான்தானே..."

ஓடிவந்த வக்கீலின் கையில் உருவிய வயர் இன்னும் இருந்தது. முகம் வெளுத்திருந்தது. "கணக்கு சரியாத்தானேம்மா வந்துச்சு," என்றார், யாரிடமோ கெஞ்சுவதுபோல.

"சரிதாண்ணே," என்றாள், பல் கிட்டிக்க. "நான்தான் உள்ள இருந்தேன்."

பலகையின் 'வெளியே' கொக்கியில் அவளுடைய டோக்கன் கணவருடையதோடு ஒட்டி, ஒழுங்காகத் தொங்கியது. கணவர் அதைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தார்.

"இனிமே உன் டோக்கனைத் தொடவே மாட்டேன்."

"தொடுங்க. ஆனா என்கிட்ட கேட்டுட்டுத் தொடுங்க. சண்டையா இருந்தாலும் கேளுங்க."

அவர் தலையாட்டினார். பின்னால் கிடங்குக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவள் திடுக்கிட்டு அவர் சட்டையை இறுகப் பிடித்தாள்.