கையைக் காட்டுங்க சார்

என் மருமகளுக்கு எதையும் ஒருமுறை பார்த்தால் போதாது. பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டேன் என்று நான் சொன்னாலும், மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்குவாள். திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "ஏன்டா, உன்னையாவது நம்புறாளா இவ?" என்று மகனைக் கேட்டேன். "நம்புறாம்மா. பர்ஸை மட்டும் ரெண்டு தடவை பார்ப்பா" என்றான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது இவள் ஒருத்திக்காகத்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பேன்.

அப்படிப்பட்டவளுக்கு வேலையும் அப்படியே வாய்த்தது. சோதனைச் சாவடியில் பரிசோதகர். வருகிற வண்டிகளில் போதைப்பொருளோ வெடிமருந்தோ விஷமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் அதே சாவடியின் கேன்டீனில் டீ போடுகிறேன். வண்டி வரிசைக்கும் என் அடுப்புக்கும் நடுவே ஒரு கம்பித் தடுப்புதான். அங்கே பேசுவது எனக்குக் கேட்கும். நான் முணுமுணுப்பது அவளுக்குக் கேட்கும். வீட்டில் விட்ட சண்டையை அங்கே தொடர்வதற்கு ரொம்ப வசதி.

அவள் வேலை தற்காலிகம்தான். மேலதிகாரி கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். அந்த மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. உட்கார்ந்தால் மடிப்புக் கலைந்துவிடும் என்று நின்றுகொண்டே டீ குடிக்கிற மனிதர். அவர் பேனாவை எடுக்கும்போதெல்லாம் நான் அடுப்பை விட்டு எட்டிப் பார்ப்பேன்.

அன்றைக்குப் புதுக் கருவி வந்திறங்கியிருந்தது. ஒரு செங்கல் அளவுதான் இருக்கும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம். வெள்ளைத் துணிப்பட்டையால் பொருளைத் துடைத்து அதன் வாயில் செருகினால், ஒன்றுமில்லை என்றால் பச்சை விளக்கு எரியும். ஏதாவது இருந்தால் சிவப்பு எரிந்து கீச்சென்று கத்தும். திரையில் என்ன போதைப்பொருள் என்று பெயரும் வந்து விழும். கண்ணுக்குத் தெரியாத தூசு போதும் அதற்கு.

கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காலையில் பார்ப்பதற்கென்றே ஒரு சின்னப் புட்டியில் போதைப்பொருளின் மாதிரித் தூள் கொடுத்திருந்தார்கள். மருமகள் கையுறை போட்டுக்கொண்டு, துளித் தூளைத் தொட்டு வைத்தாள். கருவி கத்தியது. எல்லாரும் கைதட்டினோம். இஸ்திரி சும்மா இருந்திருக்கலாம். "இத்துனூண்டு தூளுக்கா இவ்வளவு சத்தம்?" என்று புட்டிக்குள் வெறும் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"சார், சோப்புப் போட்டுக் கைகழுவிட்டு வாங்க சார்" என்றாள் மருமகள்.

"கழுவுறேன், கழுவுறேன்."

அவள் திரும்பி உட்கார்ந்து கையுறையை மாற்றிக்கொண்டு, கருவியில் பச்சை வரும்வரை சுத்தம் செய்துகொண்டிருந்தாள். இஸ்திரியோ கைக்குட்டையில் விரலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வரிசைப் பக்கம் போய்விட்டார். துறைப் பத்திரிகைக்குப் படம் எடுக்க ஒரு போட்டோகிராபர் வந்திருந்தான். "சார், முதல் வண்டிக் கதவை நீங்களே திறக்கிற மாதிரி ஒண்ணு" என்றான். முதல் வண்டி ஒரு வேன். பின்னால் அடுக்கடுக்காகத் தட்டுகள். தட்டு நிறைய முட்டையிலிருந்து நேற்று வெளிவந்த கோழிக்குஞ்சுகள். இஸ்திரி ஓட்டுநர் பக்கக் கதவுப் பிடியை நன்றாகப் பற்றிக்கொண்டு, பல்லைக் காட்டி நின்றார். காவலர்கள் இரண்டு பேர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பிறகு மருமகள் வந்து, எப்போதும் போல ஓட்டுநர் கதவுப் பிடியில் இருந்து ஆரம்பித்தாள். துடைத்தாள். செருகினாள். சிவப்பு.

"முதல் நாளே முதல் வேட்டை!" என்று இஸ்திரி குதிக்காத குறைதான். "ஆளைப் பிடிச்சு உள்ள போடுங்க."

சிவப்பு வந்தால் ஆய்வக முடிவு வரும்வரை ஆளும் உள்ளே, வண்டியும் உள்ளே. முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அந்த டிரைவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார். குஞ்சுங்க வெயில் தாங்காது சார்" என்றான். தன்னை விட்டுவிட்டுக் குஞ்சுகளுக்காகக் கெஞ்சினான். வேனுக்குள் அத்தனையும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தன.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் மருமகள். புதுத் துணிப்பட்டை ஒன்றை எதையும் துடைக்காமல் செருகினாள்: பச்சை. தன் கையுறையைத் துடைத்தாள்: பச்சை. ஸ்டியரிங் பச்சை. அந்தப் பக்கத்துக் கதவு பச்சை. குஞ்சுத் தட்டுகளும் பச்சை.

"கையை நீட்டச் சொல்லு" என்றார் இஸ்திரி. டிரைவர் தயங்கியதும் சட்டத்தைச் சத்தமாகச் சொன்னார்: "சோதனைக்குக் கை கொடுக்க மறுத்தா அதுவே குற்றம். தெரியுமில்ல?" அவன் இரண்டு கையையும் நீட்டினான். மருமகள் துடைத்துச் செருகினாள். அதுவும் பச்சைதான்.

"கழுவியிருப்பான்" என்றார்.

மருமகள் கதவுப் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்தக் கதவை யார் திறந்தது?" என்று கேட்டாள்.

பூனைக்கு யார் மணி கட்டுவது? ஒரு காவலர் ஷூவைப் பார்த்தார். இன்னொருவர் வானத்தைப் பார்த்தார். போட்டோகிராபர் கேமராவைத் துடைத்தான். நான் அடுப்பைத் தணிப்பது போலக் குனிந்துகொண்டேன். பொய் சொல்வானேன், எனக்கு அந்தக் கையெழுத்துதான் கண்ணுக்குள் நின்றது. வாயை மூடிக்கொண்டிருடி என்று கண்ணால் சாடை காட்டினேன்.

அவள் கம்பித் தடுப்பருகே வந்துவிட்டாள். "அத்தை, நீங்க இங்கதானே இருந்தீங்க. யார் திறந்தது?"

அவள் என்னிடம் அப்படி எதையும் கேட்டதே இல்லை. பால் காய்ந்துவிட்டது என்று சொன்னால் நம்பாதவள், ஒரு மனிதனின் தலையெழுத்தை என் வாய்ச்சொல்லில் வைக்கிறாள். இதற்கு மேல் எப்படிக் குனிந்திருப்பது?

"சார்தாம்மா திறந்தாரு" என்றேன். "அந்தத் தூளைத் தொட்ட கையோட."

இஸ்திரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "டீ போடுறவ சாட்சியா? உன் மாமியாரும் நீயும் சேர்ந்துக்கிட்டு நாடகமா?"

"நாங்க ரெண்டு பேரும் சேர்றதா? எங்க வீட்ல விசாரிச்சுப் பாருங்க சார்" என்று நான் சொன்னதும் காவலர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

மருமகள் சிரிக்கவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள். "கையைக் காட்டுங்க சார்."

"என்ன சொன்ன?"

"வலது கை சார்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா கருவிக்குத் தெரியாது." அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "மறுத்தா அதுவே குற்றம்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க?"

வேன் பக்கம் நின்ற காவலர்கள், வரிசையில் நின்ற டிரைவர்கள், அத்தனை பேரும் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயை எத்தனை நேரம் சோற்றில் மறைப்பது? இஸ்திரி கையை நீட்டினார். அவள் டிரைவரின் கையைத் துடைத்தது போலவே, அதே நிதானத்தோடு, விரல் விரலாகத் துடைத்தாள். செருகினாள்.

கருவி கத்திய கத்தலில் குஞ்சுகளே ஒரு கணம் அடங்கின.

போட்டோகிராபர் பழக்கதோஷத்தில் ஒரு படம் எடுத்துவிட்டான். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அதிகாரி கை சிவந்தால் தூசு, டிரைவர் கதவு சிவந்தால் கடத்தல். உலகம் அப்படித்தான் ஓடுகிறது. அன்றைக்கு என் மருமகள் அதை ஓடவிடவில்லை. எனக்கு அடுப்பைத் தாண்டிக் குதித்துப் போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பெருமையில் மூச்சு முட்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவள் டிரைவரிடம் போனாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "தப்பு எங்க மேலதான். மன்னிச்சுக்கோங்க. நீங்க கிளம்புங்க, குஞ்சுங்களுக்குக் காத்து வேணும்." அதுவரை அழாமல் இருந்த அந்தப் பிள்ளை அப்போதுதான் அழுதான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

இஸ்திரி குழாயடிக்குப் போனார். சட்டையெல்லாம் நனைந்து, மடிப்புக் கலைந்து, திரும்ப வந்து கையை நீட்டினார். "இப்ப பாரும்மா." சிவப்பு. மறுபடியும் போய்த் தேய்த்துவிட்டு வந்தார். அடுத்த தடவைதான் பச்சை வந்தது. அவர் டீக்கு நான் இன்னொரு கரண்டிச் சர்க்கரை போட்டேன். பாவம், அவருக்கும் அன்றைக்குக் கசப்புதான்.

கையெழுத்து இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். "நீயாம்மா இப்படிப் பேசுற?" என்று வாயைப் பிளந்தான்.

இப்போது சாவடியில் மூன்று வரிசைகள், மூன்று கருவிகள். இரண்டு வரிசைகள் காலியாகவே கிடக்கின்றன. "இந்தப் பக்கம் வாங்கப்பா, சீக்கிரம் முடியும்" என்று காவலர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். லாரிக்காரர்கள் அசைவதில்லை. என் மருமகளின் வரிசையில், ரோட்டு வளைவு வரைக்கும் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். தாமதமாகுமே என்று ஒருவரிடம் கேட்டேன்.

"ஆகட்டும்மா" என்றார். "சந்தேகப்படுறதா இருந்தா அந்தம்மாவே படட்டும்."